ஃபிரிட்ஜ் கதவில் நோர்ப் இல்லை

பால் எடுக்கப் போன நோர்பர்ட், ஃபிரிட்ஜைத் திறக்காமல் கதவுக்கு முன்னாலேயே நின்றார். இந்த வாரத்துப் படங்கள் கதவில் காந்த வில்லைகளுக்கடியில் வரிசையாக இருந்தன. ஒன்றில் மஞ்சள் டாண்டலியன் பூ. அடுத்ததில் அதே டாண்டலியன், உள்ளே தலையைக் கவிழ்த்துக் கிடக்கும் தேனீயோடு. பிறகு பனித்துளி கோத்த வயலட் பூக்கள். பிறகு ஏதோ ஒரு வண்டின் பின்புறம். நேற்றைய படத்தில் ஒரு கை இருந்தது. நகக்கண்ணெல்லாம் மண் ஏறிய, முட்டி பெருத்த ஆண் கை, ஒரு பூத்தண்டைக் கேமராவுக்கு வாகாகச் சாய்த்துப் பிடித்திருந்தது. நோர்பர்ட் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் நகங்கள் சுத்தமாக இருந்தன.

பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து அவர் மனைவி லாவோன் ஓய்வு பெற்றபோது மகள் வாங்கிக் கொடுத்த கேமரா அது. தினம் ஒரு படம், ஒன்றே ஒன்று. அதை அன்றைக்கே அச்சுப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புமுன் கதவைத் துடைத்துப் புது வாரத்தைத் தொடங்க வேண்டும். இப்படித் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். குளிர்காலம் முழுக்க அந்தக் கதவில் நோர்பர்ட்தான். பனி அள்ளும் நோர்பர்ட். உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருக்கும் நோர்பர்ட். சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கும் நோர்பர்ட். "ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா ஒனக்கு?" என்று அலுத்துக்கொள்வார். அலுப்பெல்லாம் வெளிக்குத்தான். பால் எடுக்கிற சாக்கில் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொள்வது அவருக்குக் காபிக்கு முந்தின காபி.

மே மாதம் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது. புல் ஒரு சாண் உயர்ந்தால் நகராட்சியிலிருந்து கடிதம் வருகிற ஊர் எங்களுடையது. இப்போது மே மாதத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். பனிக்காலம் முடிந்து பசியோடு எழும் தேனீக்களுக்கு ஏதாவது பூத்திருக்க வேண்டும், ஆகவே யாரும் புல் வெட்ட வேண்டாம் என்று ஏற்பாடு. வெட்டாதவர்கள் வாசலில் நட்டுக்கொள்ள ஒரு பலகையும் தருகிறார்கள். லாவோன் முதல் ஆளாகப் போய் வாங்கி வந்து நட்டாள். கல்யாணம் ஆன காலத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் புல் வெட்டி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஓரம் திருத்தி வைத்த மனிதர் நோர்பர்ட். பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்தைத் தள்ளிப்போய் ஷெட்டில் பூட்டினார். அவளுக்காகத்தான் பூட்டினார். வீட்டு வாசலிலேயே பூத்துக் கொட்டும், அவளும் ஆசை தீரப் படம் எடுப்பாள், ஓரத்தில் தானும் எங்காவது நிற்கலாம் என்று ஒரு கணக்கு.

ஆனால் அவருடைய புல்வெளியில் புல்தான் வளர்ந்தது. இளவேனிலில் களைக்கொல்லி, கோடையில் உரம், இலையுதிரும் முன் மறுபடி களைக்கொல்லி என்று அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த புல். ஒரு டாண்டலியன் எட்டிப் பார்த்தால் முட்கரண்டி மாதிரி ஒரு கருவியை வைத்து வேரோடு கெல்லி எறிந்த மண். அதில் வேறு என்ன முளைக்கும்? முழங்கால் உயரத்துக்குப் பச்சை அசைந்தாடியது. ஒரு பூ இல்லை. ஒரு பூச்சி எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு டுவேனுக்கோ சோம்பேறித்தனமே வரமாகிவிட்டது. அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், மனைவி விட்டுப் போனவன், நகராட்சிக் கடிதங்களைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறவன். இத்தனை வருடம் தெருவுக்கே அவமானமாகக் கிடந்த அவன் இடம், இந்த மே மாதம் கண்ணைப் பறித்தது. போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்த்தார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். நோர்பர்ட்டுக்கு அந்தப் பழமொழியும் கை கொடுக்கவில்லை. பச்சை முழுக்க இக்கரையில்தான் இருந்தது. அக்கரையில் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாக இறைந்து கிடந்தது.

காலை உணவு முடிந்ததும் லாவோன் கேமராவை மாட்டிக்கொண்டு அங்கே போய்விடுவாள். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, மணிக்கணக்காகக் கிடப்பாள். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு சர்ச்சில்கூட மண்டி போட முடியாது என்று உட்கார்ந்தே ஜெபிக்கிறவள், டுவேனின் களைக்கு முன்னால் மட்டும் நெடுஞ்சாண்கிடை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கப் பார்க்க நோர்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கு மதியம் அவள் பை சுட்டாள். இந்தப் பருவத்தில் எல்லார் வீட்டிலும் கிடைக்கும் ரூபார்ப் தண்டைச் சர்க்கரையோடு மாவுக்குள் வைத்துச் சுடும், புளிப்பும் இனிப்புமான பண்டம் அது. நோர்பர்ட் மேசையருகே வந்து நின்றார்.

"படத்த நம்ம வீட்டுலயே எடுக்கக் கூடாதா?"

"இங்க எடுக்க என்ன இருக்கு நோர்ப்? புல்லு."

அவள் குத்திக்காட்டவில்லை. தட்டில் உப்பு இல்லை என்பதுபோல் சொன்னாள். அதனால்தான் அது ஆழமாகத் தைத்தது. அதற்குள் அவள் பையில் சரிபாதியை வெட்டித் தட்டில் எடுத்து வைத்து மூடினாள்.

"அது யாருக்கு?"

"டுவேனுக்கு. நாளெல்லாம் அவன் எடத்துல உருண்டுக்கிட்டு இருக்கேன். வெறுங்கையோடவா போறது?"

"உருளுறதுன்னு ஆனப்புறம் பை வேறயா?"

லாவோன் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒனக்கு அறுபத்தேழு வயசு, நோர்ப்."

"அவனுக்கு அம்பத்தெட்டு. அதத்தான் சொல்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போனாள். கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவர் எல்லைக்கோட்டுக்குப் போனார். வேலி கிடையாது. உயரப் புல் முடிந்து பூக்கள் தொடங்கும் இடம்தான் எல்லை. டுவேன் பூக்களுக்கு நடுவே நின்றபடி தட்டை வழித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்னா பை, என்னா பை! குடுத்து வச்சவன்யா நீ."

"உன் வெதையெல்லாம் காத்துல என் பக்கம் வருது."

"வந்தா வரட்டுமே. மொளைக்கவா போகுது? உன் மண்ணுல பேய்கூடப் பொழைக்காது." டுவேன் கரண்டியால் காலடியைக் காட்டினான். தரையோடு படர்ந்து பொடி ஊதாப் பூ விடும் களை அது. இங்கே எல்லோரும் அதைச் சார்லி என்றுதான் சொல்வார்கள், போகச் சொன்னாலும் போகாத உறவுக்காரனைச் சொல்வதுபோல. "வேணும்னா ஒரு கட்டி வெட்டிட்டுப் போ நோர்ப். லாவோனுக்கு இதும்மேலதான் கொள்ளை ஆசை. குளிர் விட்டதும் தேனீ மொதல்ல இதத்தான் தேடி வருமாம். சின்னப்புள்ளைல அவங்கப்பா பண்ணையில இதுமேலயே படுத்துக் கெடப்பாங்களாம். சொன்னாங்க."

நோர்பர்ட்டிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. சொல்லியிருக்கலாம், புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலில் அவர் காதில் விழாமல் போயிருக்கலாம். எப்படியானாலும் அது டுவேனுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை.

"சார்லியையா? என் எடத்துலயா?" என்றார். "செத்தாலும் வேண்டாம்."

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், கோடு போட்ட பைஜாமாவும் ரப்பர் பூட்ஸுமாக நோர்பர்ட் மண்வெட்டியோடு எல்லையைத் தாண்டினார். கேட்டால் சும்மாவே கிடைத்திருக்கும். கேட்கத்தான் முடியவில்லை. சார்லி நிறையப் பூத்திருந்த இடமாகப் பார்த்து ஒரு தட்டு அகலத்துக்கு வெட்டி, வேர் உதிராமல் குழந்தையைப் போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பினார். எத்தனை கோடைகள் இந்தக் களையின் வேரைத் தேடி முதுகொடிந்திருப்பார்! சமையலறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரிகிற இடத்தில் புல்லை விலக்கி, மண்டியிட்டு, கையாலேயே குழி தோண்டி வைத்தார். காபிப் பாத்திரத்தில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினார். பூக்களை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். "வாடித் தொலைஞ்சிடாத," என்று அதனிடம் கெஞ்சியதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்பினார்.

காலை உணவின்போது வெளியே டுவேனின் குரல் கேட்டது. "லாவோன்! இங்க வந்து பாருங்க. முயல் வந்து என் சார்லியத் தோண்டிருக்கு!"

லாவோன் பின்கதவைத் திறந்தாள். "முயலா?"

"ஆமா. பூட்ஸு போட்ட முயல். மண்வெட்டியோட வந்துருக்கு."

லாவோன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நோர்பர்ட் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அகப்பட்டுக்கொண்டதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. கடைசியாக அவர் எப்போது அவளை இப்படிச் சிரிக்க வைத்தார்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லுக்கு நடுவே அந்த ஊதாத் திட்டு நன்றாகவே தெரிந்தது. இதோ பார்ப்பாள், இதோ நிற்பாள், இதோ குனிவாள். லாவோன் அதைத் தாண்டி நேராக டுவேனின் பக்கம் போய், பைத் தட்டை வாங்கிக்கொண்டு, ஏதோ பேசியபடி நின்றுவிட்டாள். திரும்பி வரும்போதும் குனியவில்லை. ஜூன் பிறக்கட்டும் என்று நோர்பர்ட் மனதுக்குள் கறுவினார். முதல் நாளே எல்லாவற்றையும் மொட்டையடிக்க வேண்டும், சார்லியைச் சேர்த்து. அவள் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

அடுத்த நாள் காலையில் பால் எடுக்கப் போனவர் மறுபடியும் கதவு முன்னால் நின்றார்.

டாண்டலியன்களும் வயலட்டும் வண்டும் கையும் சுற்றிலும் ஒதுங்கியிருக்க, நட்டநடுவில் புதுப் படம் இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக எடுத்தது. விடியலின் சாம்பல் வெளிச்சம். முழங்கால் உயரப் புல்லில் கோடு போட்ட பைஜாமா ஒன்று மண்டியிட்டிருந்தது. முகம் தெரியவில்லை. குனிந்த முதுகும், பெரிய பின்புறமும், மண்ணை அணைக்கிற இரண்டு கைகளும்தான். நேற்றைக்கான ஒரே படம். அவள் டுவேன் வீட்டுக்குப் போகும் முன்பே அன்றைய படத்தை எடுத்து முடித்திருக்கிறாள்.

நோர்பர்ட்டின் முகம் சூடேறியது. ஒரு மாதத்துக்குப் பிறகு திரும்பவும் கதவில். அவர் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். கழுவியும் போகாத மண் இன்னும் அவர் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் படத்தின் மேல் மூலை கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்தது. கையில் காபிக் கோப்பையோடு டுவேன் நின்று, கீழே நடப்பதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

லாவோன் மாடியில் நடக்கும் சத்தம் கேட்டது. நோர்பர்ட் படத்தின் மேல் இருந்த மாட்டு வடிவக் காந்தத்தை விரலால் மெல்ல நகர்த்தி, அந்த ஜன்னலுக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். மாடு சின்னது. கோப்பை மறைந்தது. சிரிப்பு மறையவில்லை. மாட்டைக் கொஞ்சம் மேலே தள்ளினார். சிரிப்பு மறைந்தது, கோப்பை வெளியே வந்தது. பாலை மறந்து, மேசை இழுப்பறையைத் திறந்து, இதைவிடப் பெரிய காந்தம் ஏதாவது கிடக்கிறதா என்று துழாவ ஆரம்பித்தார்.