ஊசிமலைக்கு மட்டும்

டோரீன் வத்தளைக்குப் போக வேண்டும். கணவன் லோரன்ஸும் ஐந்து வயது மகள் மார்கிரட்டும் அங்கேதான் இருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு, வேலைக்குத் திரும்ப அட்டன் ரயிலேறுவாள். இப்போதெல்லாம் பிள்ளை வழியனுப்பும்போது அழுவதில்லை. அதுதான் அவளை அரித்தது.

அட்டன் அலுவலகத்தில் அவளைக் கட்டிப்போட்டிருந்தது ஒரு கம்பியூட்டர் நிரல். இருபத்து மூன்று தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறுவையைப் பதிய, எண்பத்தைந்தில் சி மொழியில் அவளே எழுதியது. ஒவ்வொரு தோட்டமும் ஒரு விதிவிலக்குக் கேட்டது. அவளும் ‘இந்தத் தோட்டமென்றால் இந்த வரிகளைச் சேர், இல்லையென்றால் விடு’ என்று நிபந்தனை போட்டுக்கொண்டே போனாள். மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு. தோட்டத்துக்கொரு நிரலாகத் தனித்தனிப் பிளொப்பியில் போனது. எந்த நிபந்தனை எங்கே, எந்தத் தோட்டத்துக்கென்று அவளைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. ஆக, தன் கதவுக்குத் தானே இருநூற்றுப் பதினான்கு பூட்டுப் போட்டுக்கொண்ட புத்திசாலி அவள்.

“எல்லாத்துக்கும் ஒரே புரோகிராமா ஆக்கிக் குடுங்க. புதுப் பொடியன் யாராச்சும் பாத்துக்குவான். மாத்தல் கடிதத்துல நான் கையெழுத்துப் போடுறேன்” என்றார் மேனேஜர் லியனார்ட், அவள் வத்தளைப் பக்கம் மாற்றல் கேட்டபோது.

ஏழு மாதம் பிடித்தது. வித்தியாசங்களை ஒரு அட்டவணைக்கு மாற்றி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மீதி எத்தனை என்று அலுமாரிக் கதவில் சோக்கால் எழுதிவைப்பாள். ஜூன் கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. ஒரு ஆள் நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து, ஊசிமலைக்கு மட்டும் ஜூன், ஜூலை, ஓகஸ்டில் பதினாறு கிலோவுக்குப் பதில் பன்னிரண்டு. ஏன் என்று அவளுக்கே ஞாபகமில்லை. அதைப் போட்ட அன்று கேட்கவுமில்லை, எழுதிவைக்கவுமில்லை. தோட்டத்துக்கு போன் போட்டாள். “தெரியாதுங்க மிஸ், பழைய கிளாக்கர் பென்சன்ல போயிட்டாரு” என்றது ஒரு புதுக் குரல். அட்டவணையில் மாதத்துக்கு இடமில்லை. அதையும் எடுத்துவிட்டு, கதவில் பெரிதாகப் பூச்சியம் போட்டாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஓகஸ்ட் முதல் வாரம், ஒரு வியாழன். மறுநாள் கையெழுத்து. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. அப்போதுதான் ஊசிமலையிலிருந்து லெட்சுமி என்ற கொழுந்தெடுக்கும் பெண் நனைந்த கம்பளியோடு வந்து நின்றாள்.

“எங்க கேங்குக்கே மாசம் பூரா அரைப்பேரு போட்டிருக்குங்க மிஸ். தோட்டத்துல கேட்டா, கம்பியூட்டரு போட்டதுங்கிறாங்க.”

முழு நாளும் மலையில் நின்றாலும் நிறை குறைந்தால் அரைநாள்தான் வேலை செய்ததாகப் பதிவு. அதுதான் அரைப்பேர்.

“ஏன் கொழுந்து கொறைஞ்சிச்சு?”

“மழைக்காலத்துல லொறி மேல ஏறாதுங்க. ரெண்டு மைல் நாங்கதான் சுமந்து எறக்கணும். அதுக்கே ரெண்டு மணிநேரம் போயிரும். முன்னாடி அத யோசிச்சுத்தான் போட்டாங்க. இந்த வருசம் யாரு எடுத்தாங்களோ.”

டோரீன் கதவிலிருந்த பூச்சியத்தைப் பார்த்தாள். ‘தோட்டத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை மறுநாள் வத்தளையில் இருப்பாள். லெட்சுமி கூடைக்கயிறு உரசிக் காய்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“நான்தாங்க எடுத்தேன். திருத்திக் குடுக்கிறேன். ஒங்க பேரெல்லாம் முழுசா வரும்” என்றாள் டோரீன்.

லியனார்ட் அமைதியாகக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலாம்.

“சரி, திருத்துங்க. இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்கு?”

“தெரியல சார். காரணத்த எங்கயும் எழுதி வைக்கல.”

“அப்ப ஒங்கள எப்படி அனுப்புறது? நீங்களே சொல்லுங்க.”

அவர் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். பூட்டக்கூட இல்லை.

டோரீன் நிபந்தனையைத் திரும்ப எழுதினாள். அதற்கு மேலே, இந்த முறை, லொறி ஏறாத கதையையும் இரண்டு மைலையும் முழுதாக எழுதினாள். பிறகு எழுந்து, கதவிலிருந்த பூச்சியத்தை முந்தானையால் துடைத்துவிட்டு ஒன்று என்று போட்டாள். மீதி இருநூற்றுப் பதின்மூன்றுக்கும் காரணம் தேடி இனி இருபத்து மூன்று தோட்டமும் ஏறியிறங்க வேண்டும்.

வத்தளைக்கு போன் கிடைக்க அரைமணி நேரமானது. ஜனவரியில் பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட நீங்களே போங்கள் என்று லோரன்ஸிடம் சொன்னாள். போனை மார்கிரட்டிடம் கொடுக்கச் சொன்னாள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறது, வரமாட்டேன் என்கிறது என்றான் அவன்.