பாட்டுக்காரிக்கு எழுந்த தேங்காய்

சின்னண்ணன் கையில் தேங்காய் எழுந்தால் அடியில் தண்ணீர் உண்டு என்று, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டுப் போர்வண்டிக்காரர்கள் இருபத்தாறு வருடமாக நம்பி வந்தார்கள். சின்னண்ணனும் நம்பினார். அவர் வேலை செய்யும் விதமே தனி. விடிகாலையில் வெறும் வயிற்றோடு, செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, குடுமித் தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு, கூப்பிட்ட விவசாயியின் காட்டைச் சுற்றுவார். ஓர் இடத்தில் மணிக்கட்டு நடுங்கும். படுத்திருந்த காய் மெல்ல எழுந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணி கட்டி, வெற்றிலையில் வைத்துத் தரும் ஆயிரத்தொரு ரூபாயை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டி வந்து துளை போடும்போது அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. குறி சொன்னவன் கூடவே நிற்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். வசதியான வழக்கம்தான்.

நாலைந்து வருடமாக அவருக்கு மவுசு குறைந்துகொண்டு வந்தது. கம்பியை மண்ணில் குத்தி மெஷினில் எண் பார்த்துச் சொல்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பேன்ட் சட்டை போட்டவன் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் அதற்கு ஒரு மதிப்பு. சின்னண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னால் அதற்கு வேறொரு மதிப்பு. இந்தக் கடுப்பு உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. அதுதான் அவரை அந்த வெள்ளிக்கிழமை கெடுத்தது.

போர்வண்டி ஏஜென்ட் குருமூர்த்தியின் ஆபீசில் சுவரை அடைத்த மாதிரி ஒரு டிவி உண்டு. ‘ஏழு நாட்டுக் குரல்’ என்று ஒரு பாட்டுப் போட்டி மூன்று மாதமாக அதில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர், மலேசியா, கனடா, இலங்கை என்று ஏழு நாட்டிலிருந்து பாட வந்தவர்கள். ஏழு நாட்டிலிருந்தும் ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். போர்வண்டிக்காரர்கள் எதற்கும் பந்தயம் கட்டுகிறவர்கள். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று கட்டுவார்கள், அது சலித்தால் எதிரே வரும் லாரியின் நம்பருக்குக் கட்டுவார்கள். பாட்டை விடுவார்களா? இறுதிச் சுற்றுக்கு நான்கு பேர் மிஞ்சியதும், ஆபீசே சந்தைக்கடை ஆகிவிட்டது.

“ஏனுங்ண்ணா,” என்றார் குருமூர்த்தி, டீயை நீட்டிக்கொண்டே. “அறநூறு அடிக்குக் கீழ இருக்கறதைச் சொல்ற காயி, டிவிக்குள்ள இருக்கறதைச் சொல்லாதுங்களா?”

“அது தண்ணிக்கு மட்டுந்தான் சாமி.”

“அதுஞ் செரித்தான். மெஷின்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க. அவங்கனாலயும் முடியாதாமா.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இதே சின்னண்ணன், களவுபோன சங்கிலிக்குக் காய் பிடிக்கச் சொன்ன ஒரு மிராசுதாரைப் படி இறங்கவைத்தவர். அன்றைக்கு, டீயைக் கீழே வைத்துவிட்டு, “காயைக் கொண்டாங்க” என்றார்.

செல்போனிலிருந்து நான்கு பேர் படத்தையும் அச்செடுத்து, ஆபீசை ஒட்டியிருந்த வண்டி ஷெட்டின் சிமெண்டுத் தரையில் பத்தடிக்கு ஒன்றாக வைத்தார்கள். சின்னண்ணன் செருப்பைக் கழற்றினார். கனடாப் பையன் மேல் காய் அசையவில்லை. மலேசியப் பெண் மேலும், கோயமுத்தூர்ப் பையன் மேலும் அசையவில்லை. நான்காவது படம் மதுமதி. இலங்கையில் தேயிலை பறிக்கிறவர்கள் வீட்டுப் பெண். அங்கே மணிக்கட்டு நடுங்கியது. காய் எழுந்து நின்றது. பத்திருபது பேர் மூச்சு விடாமல் பார்த்தார்கள். குருமூர்த்தி வெற்றிலையில் ஆயிரத்தொரு ரூபாயை வைத்து நீட்டினார். சின்னண்ணன் வாங்கிக்கொண்டார். விளையாட்டுக்குச் செய்ததாக இருந்தால் அதை வாங்கியிருக்க மாட்டார். மெய்யாக நம்பித்தான் வாங்கினார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் மதுமதி மேல் கட்டினார்கள்.

ஞாயிறு மாலை சின்னண்ணன் வீட்டில் மனைவி மஞ்சுளாவோடு உட்கார்ந்து போட்டியைப் பார்த்தார். மதுமதி நன்றாகத்தான் பாடினாள். சின்னண்ணனுக்குக் கண் கலங்கியது. ஓட்டெல்லாம் எண்ணி முடித்து, நாலாவது இடம் என்று முதலில் கூப்பிட்ட பெயரே அவளுடையதுதான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து பூங்கொத்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

உடனே போன் வந்தது. குருமூர்த்தி திட்டியிருந்தால்கூடத் தேவலை. “உடுங்ண்ணா, அந்தப் புள்ளைகிட்ட ஈரம் இல்லையாட்ட இருக்குது” என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் பத்துப் பேர் சிரிப்பது கேட்டது. சின்னண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மஞ்சுளா அவரைக்காயை ஆய்ந்துகொண்டே அவரைத் தேற்றத்தான் பார்த்தாள். “நீங்கதான் மொத வாரத்துலிருந்தே இந்தப் புள்ளைதான் ஜெயிக்கோணும், ஜெயிக்கோணும்னு சொல்லிட்டு இருந்தீங்க. உங்க மனசுல இருக்கறதைத்தான கையி சொல்லும்?”

அவள் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. அவர் எழுந்து பூஜை அலமாரியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அடியில் வீடு, அதற்கடியில் பாறை. தண்ணீருக்கு வழியே இல்லாத இடம். தொட்டிக்குப் பக்கத்தில் எழ வேண்டும் என்று மனதில் நினைத்துக்கொண்டு நடந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் எழுந்தது. மாடிப்படியருகே என்று நினைத்துக்கொண்டு நடந்தார். அங்கேயும் எழுந்தது. அதே நடுக்கம், அதே எழும்பல், ஒரு குறையும் இல்லை.

இத்தனை வருடத்தில், அவர் சொன்ன இடத்தில் துளை போட்டும் தண்ணீர் வராமல் தூள் மட்டும் பறந்த காடுகள் எத்தனை! ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது. கல்லை விட்டு இரண்டடி தள்ளித் துளை போட்டிருப்பார்கள், ஆகாத நேரத்தில் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். ஏமாற்றுகிறோம் என்று ஒரு நாளும் அவர் நினைத்ததில்லை. தொட்டியோரமாக உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் சென்னியம்மாள் நினைவுக்கு வந்தாள். எருமப்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒன்றே முக்கால் ஏக்கர் வைத்துக்கொண்டு, புருஷன் போன பிறகு தனியாக வெங்காயம் போடுகிறவள். பழைய போர் வற்றிவிட்டது. கறவை மாடு இரண்டையும் விற்று, புதுப் போர் போடப் பணம் கட்டியிருந்தாள். வியாழக்கிழமைதான் அவர் போய்க் கல் நட்டுவிட்டு வந்தார். காய் பிடிக்கும் முன்னால் அவள், “ஊட்டுப் பக்கமா அமைஞ்சா கரண்டு இழுக்கற செலவு மிச்சமுங்க” என்று சொல்லியிருந்தாள். காய் வீட்டிலிருந்து இருபது தப்படியில் எழுந்தது. அவள் மேல் அவருக்குப் பரிதாபம் இருந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பரிதாபம்தான் காயைத் தூக்கியது. நாளைக் காலையில் அங்கே வண்டி.

குருமூர்த்திக்குப் போன் போட்டார். “நாளைக்கு எருமப்பட்டி வண்டியை நிறுத்துங்க சாமி.”

“வண்டி போயிட்டே இருக்குதுங்ண்ணா. அங்க முடிச்சுப்போட்டுத் தம்மம்பட்டி. தவறுச்சுன்னா இருவது நாளைக்கு வண்டி கெடையாது. ஏனுங்க, ஒரு பாட்டுக்குத் தோத்ததுக்கா இத்தனை ரோசம்?”

சென்னியம்மாளின் நம்பர் அவரிடம் இல்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து நாமக்கல் போய், அங்கிருந்து எருமப்பட்டிக்கு வேறு பஸ் மாறி, காட்டை அடையும்போது மணி எட்டாகிவிட்டது. வண்டி கல்லுக்கு மேலேயே மாஸ்ட் என்கிற இரும்புக் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. டிரில்லர் குணசீலன் அவரைப் பார்த்து வியந்துபோனான். துளை போடும் இடத்துக்கு அவர் வந்து அவன் பார்த்ததே இல்லை.

“அம்மணி, நிறுத்தச் சொல்லுங்க,” என்றார் சின்னண்ணன். “என்ற கைய நம்பிப் போர் ஓட்ட வேண்டாமுங்க.”

சென்னியம்மாள் கற்பூரத் தட்டோடு நின்றாள். ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பாட்டுப் போட்டி, நான்கு படம், வாங்கின ஆயிரத்தொரு ரூபாய், மொட்டை மாடி எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். பூஜைக்கு வைத்திருந்த தேங்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் தோள் துண்டை உருவி, கண்ணை இறுக்கக் கட்டினாள். தோளைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள்.

“இப்ப நடங்க. நானே ஓட்டிட்டுப் போறன்.”

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடத்தினாள். காலடியில் வெங்காயத் தாள் காய்ந்து நொறுங்கியது. வரப்பு ஏறி இறங்கினார்கள். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் நடுக்கம் வரவில்லை. ஓரிடத்தில் அவள் நிறுத்தி, சற்று நேரம் காத்திருந்தாள். மறுபடி சுற்றி அழைத்துவந்து இன்னொரு தரம் நிறுத்தினாள். காய் செத்த எலி மாதிரி உள்ளங்கையில் கிடந்தது. அவள் துண்டை அவிழ்த்தாள். அவர் வியாழக்கிழமை நட்ட கல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

“வேற எங்கதானுங்க இருக்குது?” என்று கேட்டாள்.

“தெரியலைங்க அம்மணி.”

இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் ஒரு காட்டிலும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “கொஞ்ச நாள் பொறுங்க. மெஷின்காரரை நானே கூட்டியாரன். அந்தச் செலவு என்னுதுங்க.”

“வண்டி இருவது நாளைக்கு வராதுங்க்கா,” என்றான் குணசீலன். “கட்டின அட்வான்சும் திரும்பாது.”

சென்னியம்மாள் காட்டை ஒரு தரம் பார்த்தாள். இருபது நாளில் மிச்சமிருக்கும் வெங்காயமும் கருகிவிடும். யாரும் அதை அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

“அந்தப் பாட்டுக்குப் பந்தயங் கட்டினவங்க தோத்தாங்க, சிரிச்சாங்க, ஊட்டுக்குப் போயிச் சோறு உண்டாங்க,” என்றாள். “எனக்கு எங்கியாவது ஒரு பக்கம் ஓட்டித்தான ஆகோணும்? தம்பி, கல்லு இருக்கற எடத்துலயே ஓட்டு.”

“அம்மணி, வேண்டாமுங்க.”

“நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்க. நாந்தான் ஓட்டச் சொல்றன். ஓட்டு தம்பி.”

கம்ப்ரசர் அலறத் தொடங்கியது. சின்னண்ணன் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் புழுதியில் நின்றார். இருபதடிக் குழாய் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, வெள்ளைத் தூள் மட்டும் மேலே வந்து அவர்கள் தலையில் படிந்தது. முந்நூறு, நானூறு, ஐந்நூறு. ஒவ்வொரு குழாயும் அவள் விற்ற மாட்டின் ஒரு பங்கு என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்கள் காட்டில்கூடக் குழாய் இப்படித்தான் இறங்கியிருக்கும். அவர் அங்கே நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவமானத்தைவிட அந்த நினைப்புதான் அவரை அதிகம் சுட்டது. அறுநூற்றைம்பதில் குணசீலன் கையைக் காட்டி, நிறுத்தட்டுமா என்று சைகையால் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். இன்னும் போகச் சொன்னாள்.

எழுநூற்றுப் பத்தில் தூள் நின்று சேறாக வந்தது. பிறகு தண்ணீர் பீறிட்டது. பெரிய தண்ணீர் இல்லை, ஒன்றரை இஞ்ச் இருக்கும். வெங்காயத்துக்குப் போதும். சென்னியம்மாள் அப்படியே சேற்றில் உட்கார்ந்து, முகத்தில் தெளித்த தண்ணீரைத் துடைக்காமல் அழுதாள். சின்னண்ணனுக்கும் அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு எந்தக் காட்டிலும் வந்ததில்லை. நின்று பார்த்தது இதுதானே முதல் தடவை.

குணசீலன் ஓடிவந்து அவர் காலைத் தொட்டான். “கண்ணைக் கட்டினதுல காய்க்குக் கோவம் வந்துருச்சுங்ண்ணா. அதுக்குத்தான் எந்திரிக்கல. மொத நட்டது நட்டதுதானுங்க.” அதே மூச்சில் குருமூர்த்திக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டான். சின்னண்ணன் அவனைத் தடுக்கப் பார்த்தார். அவன் காதிலேயே வாங்கவில்லை.

சென்னியம்மாள் எழுந்து வந்தாள். “இது உங்க காயி சொன்ன தண்ணி இல்லீங்க,” என்றாள் மெதுவாக. “நீங்க வேண்டாம்னு சொன்ன பொறவு நா தலையைக் குடுத்தது. அடுத்த காட்டுக்காரிக்கு இப்படி வாய்க்காது.”

“வாய்க்காதுங்க அம்மணி,” என்றார் சின்னண்ணன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஊருக்குள் அதற்குள் பரவிவிட்டது.

“சின்னண்ணனுங்களா? நமக்கு ராசிபுரம் பக்கம் தோட்டமுங்க. நாளைக்கு விடியால வந்து காயி புடிச்சுக் குடுக்கோணும்.”

“நா அதை உட்டுட்டனுங்க. மெஷின்காரரைக் கூப்பிடுங்க.”

“என்னுங்க இப்படிச் சொல்றீங்க? இன்னிக்கு எருமப்பட்டியில நீங்க காட்டுன எடத்துல தண்ணி வந்துச்சாமாங்களே.”

சின்னண்ணன் ரோட்டோரத்தில் நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க வழியில்லை. ஆமாம் என்று சொன்னால், நாளைக்கு அந்த மனுஷனும் மாட்டை விற்பான்.

“வந்துச்சுங்க,” என்றார். “எனக்குத் தெரியாம வந்துச்சு.”