ஓர் ஆளுக்கான கபன் துணி

பதினொரு வருடம் கழித்து ஊர் திரும்பிய புஸ்தாமியின் கையில் பலகாரப் பொட்டலம் இல்லை. கூட வந்த ஆளின் கையில் அளவு நாடா இருந்தது. படியில் நின்றிருந்த தங்கை யுஸ்னிடார் இரண்டையும் கவனித்தாள்.

மலையூரான கோத்தோ லிமாவுவில் ஆண்கள் போவார்கள், பெண்கள் இருப்பார்கள். மீசை அரும்பியவன் பெக்கன்பாருவுக்கோ ஜாக்கர்த்தாவுக்கோ போய்ச் சாப்பாட்டுக் கடை வைப்பான். பெருநாளுக்கு வந்து நான்கு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போவான். வீடும் வயலும் தாய்க்குப் பின் மகளுக்கு. குடும்பத்தின் மூத்த ஆணுக்கு டத்துக் என்ற தலைவர் பட்டம் உண்டு, கையெழுத்து உண்டு, பிடி மண்கூடச் சொந்தமில்லை. நிலம் கைமாற வேண்டுமானால் அவனும் வீட்டுப் பெண்ணும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் நான்கே காரணங்களைத்தான் ஊர் ஏற்கும். பெரிய வீட்டின் கூரை ஒழுக வேண்டும். வயது வந்த பெண் கல்யாணச் செலவுக்கு வழியில்லாமல் நிற்க வேண்டும். பட்டம் சூட்டு விழா நடத்த முடியாமல் கிடக்க வேண்டும். அல்லது அடக்கம் செய்ய வழியில்லாமல் நடுக்கூடத்தில் மையித்து கிடக்க வேண்டும். இவற்றில் ஒன்று உண்மையாகிவிட்டால் பெண் மறுக்க முடியாது. ஊர்ச்சபையே அவள் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும்.

முதல் நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தே புஸ்தாமி பேச்சை எடுத்தான். ஓடைக்கு மேலே இருக்கும் சரிவைக் கல் குவாரிக்காரர்கள் கேட்கிறார்கள், நாடாவோடு வந்து அளந்துவிட்டுப் போனவன் அவர்களுடைய ஆள். காடு மண்டிக் கிடக்கும் இடம்தானே என்றான். வயலுக்கு வரும் ஊற்று அந்தச் சரிவில்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"நாலுல எது அண்ணே?"

அவன் சிரித்தான். "அம்மா மாதிரியே பேசுற. இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குறா?"

"ஊரு பாக்குதே."

"சரி, பாக்கட்டும்" என்று மீனை உதிர்க்க ஆரம்பித்தான்.

ஒன்பதாம் நாள் மழையில் வீடு ஒழுகியது. கொம்புபோல இரண்டு முனையும் தூக்கி நிற்கும் அந்தக் கூரையைப் போன வருடம்தான் அவள் தகரம் மாற்றியிருந்தாள். பக்கத்து வீட்டு மார்னிஸ் அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறிப் பார்த்தாள். பதினொரு ஆணிகளைக் காணோம். ஓட்டைகளின் விளிம்பில் துருவே இல்லை. காணாமல்போன ஆணிகள் கீழே புல்லில் கிடந்தன. தலைகளில் குறடு கடித்த தடம்.

"இப்பல்லாம் காத்துக்குக் கொறடு பிடிக்கத் தெரியுது போல" என்றாள் மார்னிஸ் அக்கா, ஏணியை விடாமல்.

யுஸ்னிடார் இறங்கி வந்து ஆணிகளைப் பொறுக்கினாள். பொழுது சாயுமுன் தாரும் புது ஆணியும் வைத்து அடைத்தாள். அன்று இரவு சோறு போடும்போது புஸ்தாமி கூரையைப் பற்றிக் கேட்கவில்லை, அண்ணாந்தும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பரியாமானிலிருந்து இரண்டு பெண்கள், புஸ்தாமி சொல்லி அனுப்பியதாக, சம்பந்தம் பேச வந்தார்கள். பாடாங்கில் நர்ஸ் படிப்புப் படிக்கும் யுஸ்னிடாரின் ஒரே மகள் எல்ஃபினாவுக்கு. மாப்பிள்ளையை அழைத்து வர இத்தனை வண்டி, இத்தனை சீர் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். யுஸ்னிடார் அவர்களைச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அழைத்துப்போய் மகளிடமே பேசவைத்தாள். தன் நிக்காஹ் பள்ளிவாசலில், தேநீரும் அவித்த மரவள்ளியும்தான் விருந்து என்று எல்ஃபினா சொல்லிவிட்டாள். வந்தவர்கள் அங்கிருந்தே பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

போனை வைக்குமுன் அம்மாவிடம் சொன்னாள்: "மாமா மேல கோவப்படாதம்மா. எங்கிட்ட ரொம்பப் பாசமாப் பேசுறாரு. வாராவாரம் கூப்பிடுறாரு."

"எத்தன நாளா?"

"ஆறு மாசமிருக்கும்."

ஆறு மாதத்தில் அவன் தங்கையை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

பட்டம் அவன் தலையிலேயே இருந்தது. அதைச் சொல்லி நிலம் கேட்க முடியாது. மிச்சம் ஒரே காரணம், நடுக்கூடத்து மையித்து. மிளகாய் பறித்துக்கொண்டிருக்கும்போதுதான் இது அவளுக்கு உறைத்தது. வீட்டில் இரண்டே பெண்கள். அவளுக்குப் பிறகு கையெழுத்துப் போட வேண்டியவள், மாமாவின் பேச்சைப் பாசமென்று நம்புகிறவள். பறித்த மிளகாய் முறத்தில் காய, அவள் வெகுநேரம் வரப்பிலேயே நின்றாள்.

அன்றிலிருந்து புஸ்தாமி நல்லவனானான். சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று அறியாதவன் காலையில் எழுந்து தங்கைக்குத் தேநீர் போட்டான். அவள் அதைத் தரைப் பலகை இடுக்கு வழியாகக் கீழே ஊற்றினாள். கோழிகள் குடித்துவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் பயம் குறையவில்லை.

"மூணு நாளா இருமுற, யுஸ். கீழ டவுன் ஆஸ்பத்திரிக்கு பைக்ல கூட்டிட்டுப் போறேன்" என்றான் ஒரு நாள். பைக் ஒன்றுவிட்ட தம்பியுடையது.

"ஹெல்மெட் ஒண்ணுதானே இருக்கு?"

"உனக்கெதுக்கு? மெதுவாத்தானே ஓட்டப் போறேன்."

டவுனுக்குப் போகும் பாதையின் ஒன்பதாவது வளைவில் போன மழையில் தடுப்பு சரிந்துவிட்டது. கீழே ஆறு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இருமல் நின்றுவிட்டது என்று சொல்லி, மறுநாளிலிருந்து இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை சந்தை கூடியது. யுஸ்னிடார் நட்டநடுவில் நின்று மையித்தைச் சுற்றும் கபன் துணி ஓர் ஆளுக்குக் கிழித்துத் தரச் சொன்னாள். கற்பூரமும் சந்தனத்தூளும் வாங்கினாள். யார் வீட்டில் என்று கடைக்காரன் பதறினான். எனக்குத்தான் என்றாள். தன் நெல்லில் ஆறு மூட்டையும் ஒரு கிடாயும், அடக்கம் நடத்தும் ஜனாஸா சங்கத்தில் ஒப்படைத்தாள். குழிக்குள் வைக்கும் பலகைகளை அறுத்துத் தரச் சொல்லி, குடும்பத்து மையவாடியில் இடத்தையும் குழிவெட்டிக்குக் காட்டினாள். எல்லாவற்றையும் இமாமிடம் சொல்லிச் சாட்சியோடு எழுதி வைத்தாள். தன் மையித்துக்காக யாரும் பிடி மண்கூட விற்க வேண்டியதில்லை என்பது கடைசி வரி.

"மவுத்துக்கு முன்பதிவா?" என்றாள் மார்னிஸ் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கடைசி நேரத்துல சீட்டு கிடைக்காமப் போயிட்டா, அக்கா?"

சிரிப்பு அடங்கிய பிறகு மார்னிஸ் அக்கா மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு ஆணிகளைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

கபன் துணி மூட்டையை யுஸ்னிடார் நடுக்கூடத்துத் தூணில் கட்டித் தொங்கவிட்டாள். பொழுது சாய வந்த புஸ்தாமி அதன் அடியில் நின்றான்.

"என்ன இது?"

"என் துணி. குழியும் சொல்லியாச்சு. கிடாயும் கட்டியாச்சு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"சந்தைக்கே தெரியும்."

அவன் உட்கார்ந்து முழுச் சோற்றையும் தின்றான். கை கழுவியபின், காலையில் கிளம்புவதாகச் சொன்னான். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் உள்தாழ்ப்பாள் போடாமல் தூங்கினாள்.

ஆறு மணி பஸ் ஹாரன் அடித்தபோது அவன் பையோடு படியில் இறங்கினான். கடைசிப் படியில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"போற வழியில பாடாங்குல எறங்கி எல்ஃபினாவப் பாத்துட்டுப் போறேன். பாறைமேல நின்னு கடல் பாக்கணும்னு ரொம்ப நாளாக் கேக்குறா. ஒரு பைக்க வாடகைக்கு எடுத்துக் கூட்டிட்டுப் போறேன்."

யுஸ்னிடார் தூணைத் திரும்பிப் பார்த்தாள். அதில் தொங்கியது ஓர் ஆளுக்கான துணி.

அவள் உள்ளே போனாள். மூட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டிச் சாவியை மார்னிஸ் அக்காவின் மடியில் போட்டாள். அக்கா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இவள்மேல் போர்த்திவிட்டாள். நாற்பத்தாறு வயதில் யுஸ்னிடார் கீழ் டவுனைத் தாண்டிப் போனதில்லை. பஸ்காரத் தம்பி எங்கே என்று கேட்டபோது, வாய் பழகாத ஊரின் பெயரைச் சொல்வதுபோல் பாடாங் என்றாள்.

புஸ்தாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் அவனருகில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எங்க வர்ற? வீட்ட யாரு பாத்துப்பா?"

"வீடு எங்கயும் போகாது, அண்ணே."

பஸ் கிளம்பியது. வயலும் ஓடையும் பின்னால் போயின. ஒன்பதாவது வளைவில் வண்டி ஊர்ந்தது. கீழே தண்ணீரின் சத்தம் கேட்டது. புஸ்தாமி ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். யுஸ்னிடார் கைநீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், சந்தைக் கூட்டத்தில் சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல். அவன் கையை இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை. பாடாங் இன்னும் ஏழு மணி நேரம்.