கருப்பம்மா சொன்ன சாட்சி

அடிபட்டும் வெட்டுப்பட்டும் முறையிட வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குத் துணையாகப் பொலிசுக்கும் கோட்டுக்கும் போவது, அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்வது. பதுளையில் யோகமலர் பார்த்த அரசாங்க வேலை அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து 1991இல் வந்தவளைப் பத்து வருடத்துக்குமேல் தற்காலிக ஊழியராகவே வைத்திருந்தார்கள். 2007இல் ஓய்வுபெற்றபோது, "நிரந்தரமான பிறகு பார்த்த ஐந்து வருடம்தான் கணக்கு, அது ஓய்வூதியத்துக்குப் போதாது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

யோகமலர் விடவில்லை. ஊராருக்காகப் படியேறியே பழகியவள் முதல்முறையாகத் தனக்காக மேன்முறையீடு செய்தாள்.

விசாரணை நாளன்று பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, முன்பு அவள் துணைநின்ற கருப்பம்மா, தற்காலிகமாக இருந்தபோதும் அவள் இதே வேலையைத்தான் பார்த்தாள் என்று சாட்சி சொல்ல நாலு பெண்களோடு வந்திறங்கினாள். வரவேண்டிய மொழிபெயர்ப்பாளரைத்தான் காணவில்லை. விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஒத்திவைக்கப் பார்த்தார்.

"ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வந்திருக்கோம் ஐயா!" என்றாள் கருப்பம்மா.

யோகமலர் எழுந்தாள். தானே மொழிபெயர்ப்பதாகவும், பிழை இருந்தால் அங்கே குறிப்பெடுக்க இருந்த, இரண்டு மொழியும் தெரிந்த எழுதுவினைஞர் பலீல் திருத்தட்டும் என்றும் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி யோசித்துத் தலையசைத்தார்.

"தேயிலை மலையில வச்சு ஒருத்தன் என்னையச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியால வெட்டிப்புட்டான்," என்று தொடங்கினாள் கருப்பம்மா. "கேசு வருசக்கணக்கா இழுத்துச்சு. ஒவ்வொரு தவணைக்கும் இந்தம்மாதான் கூட நின்னாங்க. மொத நாளு என்னைய ஏசினாங்க. அழுதுகிட்டே இருந்தா எப்புடி எடுத்துச் சொல்றதுன்னு. எனக்குக் கோவமா வந்துச்சு."

தன்னைப் பற்றிய அந்தக் குறையையும் யோகமலர் குரல் மாறாமல் அப்படியே சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி பலீலைப் பார்த்தார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை என்றார் அவர்.

"அவன் ஜெயிலுக்குப் போனான். நான் அதே மலையில பயமில்லாமக் கொழுந்து எடுக்கிறேன். இந்தம்மா தற்காலிகமா நிரந்தரமான்னு எனக்கென்னங்க தெரியும்? கூப்பிட்டப்பெல்லாம் வந்தாங்க."

இதைச் சொல்லுமுன் யோகமலருக்கு ஒரு மிடறு தண்ணீர் தேவைப்பட்டது. சொல்லி முடித்தாள்.

அதிகாரி, அவள் வேலை பார்த்த திணைக்களத்தின் சார்பில் வந்தவரிடம் திரும்பினார். "நிரந்தரமாக்கிய பிறகு இவருக்கு வேறு வேலை கொடுத்தீர்களா?"

"இல்லை சேர். அதே வேலைதான்."

"அப்படியென்றால் அதே சேவைதான். முதல் நாளிலிருந்து எல்லாம் ஓய்வூதியத்துக்குச் சேரும்."

"ஐயா என்னம்மா சொல்றாரு?" என்று கருப்பம்மா கையைப் பிடித்து உலுக்கினாள். யோகமலர் வாயைத் திறந்தாள். கண்தான் நிறைந்தது.

"கெடச்சிருச்சு!" என்று பலீல்தான் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார். "எல்லா வருசமும் சேத்தி!"

பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. காவலாளி ஓடிவந்து அமைதி, அமைதி என்றான். யார் கேட்டார்கள்! கருப்பம்மா யோகமலரை இடுப்போடு சேர்த்துத் தூக்கியே விட்டாள்.

"விடு பிள்ளை, விழப்போறன்!" என்று கத்தினாள் யோகமலர், அழுகையும் சிரிப்புமாக.