322-ஆம் நம்பர் சாவி

"பெட்டிச் சாவியைக் குடுங்க மச்சான்."

கேட்டே விட்டாள் செங்கமலம். ரசம் ஊற்ற வந்த ஆத்தா முனியாயியின் கரண்டி பாதியில் நின்றது. எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று பத்து நாளாக ஓதிக்கொண்டிருந்தவள் அவள்தான். "சாவியைக் கேட்டா அந்த மனுசனை நம்பலைன்னு ஆயிரும்டி. கட்டிக்கப் போறவனையே நம்பலைன்னா அப்புறம் என்ன இருக்கு?"

கட்டிக்கொள்கிறேன் என்று செங்கமலம் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் அவளைக் கேட்டதுமில்லை. அக்கா அழகி பிரசவத்தில் செத்து ஏழு மாதமாகிறது. பெண் பிள்ளை தங்கிவிட்டது, தொட்டிலில் கிடக்கிறது. அக்கா போனால் தங்கை என்பது அரிமளத்தில் உட்கார்ந்து பேசுகிற சங்கதியே இல்லை. கருமாதிப் பந்தியில் இலை எடுத்தவர்கள்கூட, "அதான் சின்னவ இருக்காளே" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார்கள்.

அக்கா புருஷன் சேவுகன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். "சாவியா? அது தொலைஞ்சுபோச்சு புள்ள."

"எப்ப?"

"போன வாரம். கண்மாய்ல எங்கிட்டோ விழுந்திருச்சு."

"ரெண்டு பெட்டிச் சாவியுமா?"

"வளையத்தோட போச்சு." மாமியாரைப் பார்த்துச் சிரித்தான். "ஒங்க மக வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் அத்தை. கூண்டுல ஏத்திருவா போல."

"திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் கோட்டைப்பட்டினத்துல நிக்கணும். ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும் தெரியும். ரசத்தை ஊத்தச் சொல்லு."

சேவுகன் கண்மாய் மராமத்துக் காண்டிராக்டர். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கனத்த இரும்புப் பெட்டிகள். மூடியிலேயே பதித்த பூட்டுகள். அளவு நாடா, கணக்கு நோட்டு, மாற்று வேட்டி எல்லாம் அதற்குள்தான். இந்த மாதம் அரிமளம் கண்மாயிலேயே வேலை என்பதால், வண்டியை மாமியார் வீட்டுப் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தே போய்வந்தான்.

சித்திரையில் அவன்தான் சொன்னான்: "கல்வி ஆபீஸ்ல நமக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்கார். சர்ட்டிபிகேட்டைக் காட்டுனா இங்கிட்டே பக்கத்துல போஸ்டிங் போட்டுருவாரு." எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பி.ஏ. பட்டம், பி.டி. ஆசிரியர் பட்டம் மூன்றையும் உறையில் போட்டுத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள் செங்கமலம். அந்தக் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் அவள். அவள் போய் இதைச் செய்தாள். இன்றைக்கு அவளுக்குச் சேவுகன் மேல் இருந்த கோபத்தைவிட அந்தக் கையின் மேல் இருந்த கோபம் பெரிது.

உத்தரவு தபாலில் வந்தது. கோட்டைப்பட்டினம் பள்ளிக்கூடம். 1959 ஜூன் 15 காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களுடன் ஆஜராக வேண்டும். தவறினால் நியமனம் ரத்து. உறையைப் போட்டுவைத்த வண்டிப் பெட்டி அன்றிலிருந்து பூட்டியே இருக்கிறது. இன்றைக்கு வியாழன்.

சேவுகன் கை கழுவிப் போனதும் முனியாயி பிடித்துக்கொண்டாள். "கேக்காதன்னு சொன்னேன்ல? கடக்கரையில போயித் தனியா ஒக்காந்து என்னத்தைச் சாதிக்கப் போற? அழகி புள்ளை யாரைப் பாத்து ஆத்தான்னு கூப்புடும்?"

"ஒன்னையத்தான். நீதான வளக்குற."

"நான் எம்புட்டு நாளைக்கி?"

கல்லை எடுத்துப் பூட்டை நசுக்கியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் உடைத்தால் திருடி என்பார்கள். சாவி போட்டுத் திறந்தால் தன் பொருளை எடுத்துக்கொண்டாள் என்றுதானே சொல்ல முடியும்? எதையும் முறைப்படி செய்தால் யாரும் வாய் திறக்க முடியாது என்று காலேஜில் படித்த புத்தியால் நினைத்தாள். அன்று சாயங்காலம் மரத்தடிக்குப் போய், எச்சில் தொட்டுப் பூட்டுகளைத் துடைத்தாள். ஒன்றில் 318 என்று வெட்டியிருந்தது. மற்றதில் 322.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஏறினாள்.

சாவிக்காரர் நாகராசு பட்டாளத்துப் பட்டறையில் இருந்து வந்தவர். கடை முழுக்கக் கம்பியில் கோத்த சாவிகள். பட்டாளத்துப் பூட்டு என்றால் பூட்டைக் கொண்டுபோக வேண்டாம். நம்பரைச் சொன்னால் போதும், எந்த நம்பருக்கு எப்படிப் பல் வெட்டுவது என்று அவரிடம் நோட்டு இருந்தது.

"முந்நூத்திப் பதினெட்டு கையிலேயே இருக்கு. இருபத்திரெண்டு ராவி எடுக்கணும்" என்றவர், நிமிர்ந்து பார்த்தார். "வண்டி யாருது?"

"அரிமளம் காண்டிராக்டர் சேவுகன் வண்டி."

"அவரு வரலையா?"

"கண்மாய்ல வேலை."

"தப்பா நெனைக்காதீங்கம்மா. வண்டிக்காரர் வரணும், இல்லை அவரு வீட்டு ஆளு வரணும். போன வருசம் ஒரு அம்மாவுக்கு இரக்கப்பட்டு அலமாரிச் சாவி போட்டுக் குடுத்தேன். மறுநாள் புருசன்காரன் வந்து கடைக்குள்ளயே என்னை அடிச்சுப்புட்டான். அதுல இருந்து சீட்டுல எழுதி வாங்காம சாவி குடுக்குறதில்லை. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

கொழுந்தியாள் என்றால் சாவி கிடைக்காது. பி.ஏ., பி.டி. என்றாலும் கிடைக்காது. அந்தக் கடையில் சாவி வாங்கித் தரக்கூடிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சம்சாரம்."

"கையெழுத்துப் போடத் தெரியுமில்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: செங்கமலம், க/பெ. சேவுகன், அரிமளம். பூட்டுக்கு ஒரு சீட்டு, சீட்டின் இரண்டு பாதியிலும். சீட்டைக் குறுக்கே கிழித்து, ஒரு பாதியைத் தன் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, மறுபாதியைச் சாவியில் கட்டுவது நாகராசுவின் வழக்கம். 318 கைக்கு வந்தது. 322 சாயங்காலம்தான் ஆகும் என்றார். அதுவரை இருந்தால் ஆத்தா தேடுவாள்.

"கண்டக்டர் வீரய்யாகிட்டக் குடுத்துவிடுறேன். அஞ்சு மணி வண்டியில வந்துரும்."

"என் கையில மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

"ஒங்க வீட்டுச் சாவி, ஒங்க கைக்கு வராம வேற எங்கம்மா போயிரும்?"

வீடு திரும்பியதும் நேராகப் புங்கமரத்தடிக்குப் போனாள். சாவி வெண்ணெயாகத் திரும்பியது. அளவு நாடா, ஸ்பேனர்கள், அழுக்குத் துண்டு. அடியில் நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தாள். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். ஆனி 18, வியாழக்கிழமை. மணமகள், சௌபாக்கியவதி செங்கமலம், பி.ஏ., பி.டி.

இரண்டு முறை படித்தாள். பட்டம் பெரிய எழுத்தில் இருந்தது.

பின்னால் முனியாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சாவி ஏது என்று கேட்கவில்லை. "பட்டத்தைப் போடச் சொன்னது நாந்தான். மச்சான் வேணாம்னுதான் சொன்னாரு. எம் புள்ள படிச்சிருக்குன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

செங்கமலம் பத்திரிகைகளை இருந்தபடியே சுற்றி உள்ளே வைத்து மூடினாள். சான்றிதழ்கள் அடுத்த பெட்டியில் இருக்கின்றன. அஞ்சு மணிக்குச் சாவி வரும். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

பஸ் வருகிற நேரத்தில் முனியாயி பிள்ளையைக் கையில் கொடுத்து அவளை நகரவிடவில்லை. அஞ்சே முக்காலுக்குச் சேவுகன் வந்தான். கையில் பூப்பொட்டலம். வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு, மாப்பிள்ளை நடை நடந்து வந்தான்.

"அத்தை, இங்க வாங்க. ஒரு வேடிக்கை கேளுங்க. டீக்கடையில உக்காந்திருக்கேன். பஸ்ஸை நிறுத்திட்டு வீரய்யா கூப்புடுறான். 'காண்டிராக்டரே, ஒங்க சம்சாரம் கேட்ட சாவி'ங்கிறான். எந்தச் சம்சாரம்டா, செத்தவளான்னு கேட்டேன். இந்தச் சீட்டைக் குடுத்தான். கடையில இருந்தவன் பூராப் படிச்சுப்புட்டான்."

சாவியில் தொங்கிய சீட்டைத் தூக்கிக் காட்டினான். அவள் கையெழுத்து. குண்டு குண்டாக, கரும்பலகைக்கென்றே பழகிய எழுத்து.

முனியாயிக்கு எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று சேவுகன் படித்துக் காட்டியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எழுத்துல சொல்லியிருக்கா. எம் வயித்துல பாலை வாத்துட்டடி."

"சாவிக்காகப் பொய் எழுதுனேன் ஆத்தா."

"பொய்யோ மெய்யோ, எழுதுனது நீதான?" சேவுகன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "ஊரு படிச்சாச்சு. இனிமே ஒன்னை எவன் வந்து பொண்ணு கேப்பான்? நான் ஒண்ணும் கெட்டவன் இல்லை புள்ள. அழகியை ஒரு நாள் கைநீட்டி அடிச்சிருப்பேனா? இந்தா பாரு, சாவி பத்திரமா இருக்கும். ஆனி பதினெட்டு முடிஞ்சதும் நீயே தொற. சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிக்க. நானே ஆணி அடிச்சுத் தாரேன்."

சொல்லிக்கொண்டே 322-ஆம் நம்பர் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்தான்.

செங்கமலம் பெட்டியைப் பார்த்தாள். ஒரு விரற்கடை இரும்புக்கு அந்தப் பக்கம் பதினாறு வருஷப் படிப்பு இருந்தது. அழுது கேட்டால் ஒருவேளை தருவான். ஆனால் அழுதவளை விடமாட்டான். அசல் இல்லாமல் போய் நின்றால் வேலை போகலாம். மெட்ராஸுக்கு எழுதி நகல் வாங்க ஒரு வருஷம் ஆகலாம். அந்த ஒரு வருஷம் எங்கே இருப்பது, எதைத் தின்பது என்று தெரியாது. தெரியாவிட்டாலும் அது ஒரு வருஷம்தான்.

உள்ளே போய் இரண்டு சேலையையும் உத்தரவுக் கடிதத்தையும் துணிப்பையில் திணித்தாள். தொட்டிலில் விட்டிருந்த பிள்ளை விழித்துக்கொண்டு கையைக் காலை ஆட்டியது. தூக்கினால் போக முடியாது. தூக்கவில்லை.

"எங்கடி பையைத் தூக்கிட்ட?"

"கோட்டைப்பட்டினத்துக்கு."

சேவுகன் சிரித்தான். "சர்ட்டிபிகேட் இல்லாம அங்க போயி என்னத்தைக் கிழிப்ப?"

"இல்லைன்னு சொல்லுவேன். யாரு பூட்டி வச்சிருக்காகன்னும் சொல்லுவேன். கேட்டா பேரோட எழுதிக் குடுப்பேன்."

"எழுது. கீழ க/பெ. சேவுகன்னு கையெழுத்தும் போடு. பழகிருச்சுல்ல?"

அடிபட்டது போலத்தான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி நடந்தாள்.

முனியாயி குரல் பின்னாலேயே வந்தது. அவளிடம் இல்லை, மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெசனப்படாதீங்க மாப்ளை. அந்தப் பக்கம் போற அறந்தாங்கி பஸ்ஸு இந்நேரம் போயிருக்கும். ரோட்டு வரைக்கும் போயிட்டு வந்துருவா."

பஸ் போயிருந்தால் அறந்தாங்கி வரைக்கும் நடப்பது என்று செங்கமலம் பையைத் தூக்கும்போதே முடிவு செய்திருந்தாள்.