உள்ளே இருப்பவர்கள்

ஆய்வுக்கூடக் கதவுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. அன்று அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

உள்ளே இருப்பவர்கள்
சாருமதி கண்ணப்பன்
ரூபேந்திரன், துணை ஆள்

இரண்டாவது பெயர் என்னுடையது. உள்ளே மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அதைப் பலகையில் எழுதும் வழக்கமில்லை.

அந்தக் கூடத்தில் இரண்டு விதிகள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் திறந்தால் யாரும் தனியாக இருக்கக்கூடாது. கதவை உள்ளிருந்து பூட்டக்கூடாது. முதல் விதிக்காகத்தான் சாரு என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லூரியில் வேறு யார் வருவார்கள்? நான் செனாயில் ஒரு சில்லு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறேன். அங்கேயும் இதே அமிலம்தான், சிலிக்கான் தகடு கழுவ. வேலை முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்தேன். நிலவியல் படிப்பை நான் மூன்றாம் ஆண்டில் விட்டவன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வேன். கூடப் படித்த சாரு கேட்டதே இல்லை. அதனால் அவள் கூப்பிட்டால் வருவேன்.

மூன்றாவது ஆசாமி பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அமிலத்தில் கிடந்தது. எலுமிச்சை அளவு கறுப்புக் கல். காஹாங் ஊருக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்தில் பாதை போட எந்திரம் மண்கரையை வெட்டியபோது இரண்டு மெல்லிய நிலக்கரிப் படிவங்களுக்கு இடையே கிடைத்தது. டைனோசர்கள் வருவதற்கு முந்தைய சதுப்புக் காடு அது. அங்கே விழுந்த இலையும் கிளையும் நசுங்கி நிலக்கரியாகிவிட்டன. இது மட்டும் விழுவதற்கு முன்பே ஏதோ காட்டுத்தீயில் கரிந்துவிட்டது. கரி அழுகாது. சுற்றியிருந்த சேறு அதை நசுக்காமல் பிடித்துக்கொண்டு கல்லானது. ஊடுகதிர்ப் படத்தில் ஒரே காம்பில் ஒரு விதையும் நான்கைந்து மகரந்தப் பைகளும் நிழலாகத் தெரிந்தன. அந்தக் காலத்துச் செடியில் இரண்டும் ஒன்றாக இருக்காது என்பார்கள். அமிலம் கல்லைத் தின்னும், கரியைத் தொடாது. காம்பு உடையாமல் வெளியே வந்தால், இருந்தது என்று சாரு சொல்வதை நம்புவார்கள். உடைந்தால் கிண்ணத்தில் கொஞ்சம் கரித்தூள் மிஞ்சும்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான். கல்லு முழுசா கரைஞ்சுட்டா காம்பு அதோட வெயிட்டுலயே சாஞ்சிரும். அதுக்குள்ள ஆசிட்ட வடிக்கணும்," என்றாள் சாரு. கிண்ணம் இருந்த புகை உறிஞ்சும் கூண்டின் கண்ணாடி கீழ்ப்பக்கம் வெளுத்து மங்கியிருந்தது. அமில ஆவி கண்ணாடியையும் தின்னும்.

"எனக்குப் பசிக்குது."

"கெழவன் மாதிரி அனத்தாத லா. வெளிய போனதும் ரொட்டி சானாய் வாங்கித் தரேன். அங்கயே உக்காரு, கிட்ட வராத."

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அங்கே குளிர்காற்று வரவில்லை. முக்காலியை மேசைப் பக்கம் இழுத்துப்போட்டேன். வியர்த்ததால் நீளக் கையுறையை மணிக்கட்டுக்குக் கீழே மடித்துவிட்டேன். எப்போது கண் சொக்கியது என்று தெரியாது. விழித்தபோது என் இடது மணிக்கட்டு மேசை விளிம்பில் கிடந்தது. அடியில் ஈரம். பக்கத்தில் சாரு அமிலம் எடுக்கும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்.

"சாரு, இது தண்ணியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சோதனைத் தாளைக் கிழித்து ஈரத்தில் வைத்தாள். தாள் சிவந்தது.

என்னைச் சட்டையோடு இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"எரிச்சல்?"

"ஒண்ணுமே இல்ல சாரு."

அதுதான் பயம். இந்த அமிலம் நீர்த்திருந்தால் உடனே சுடாது. தோலைத் தாண்டிப் போய் எலும்பிலும் ரத்தத்திலும் உள்ள கால்சியத்தைத் தேடும். நிறையப் பட்டால் இதயம் நின்றுவிடும். எங்கள் தொழிற்சாலையில் காளிதாஸ் என்று ஒரு சிகாமட் ஊர்க்காரன். விரலில் பட்டபோது, "தண்ணி மாதிரிதான் மச்சான் இருக்கு," என்று சிரித்தான். நாசி லெமாக் தின்றான். வீட்டுக்குப் போய்த் தூங்கினான். அலறிக்கொண்டு எழுந்தபோது விரல்நுனி சாம்பல் நிறமாகியிருந்தது. வெட்டி எடுத்தார்கள். எனக்குப் பட்டது மணிக்கட்டில். நரம்பு ஓடும் இடம். தூக்கத்தில் எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தேன் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

சாரு அலமாரியிலிருந்து கால்சியம் களிம்பு டியூபை எடுத்துப் பிதுக்கி மணிக்கட்டெங்கும் தேய்த்தாள். அவள் விரல்கள் நடுங்கின. கண் மட்டும் அடிக்கடி கூண்டுப் பக்கம் போய் வந்தது.

"கிராப் வண்டி கூப்பிட்டுட்டேன். நேரா எமர்ஜென்சி. தேய்ச்சுக்கிட்டே போ, நிறுத்தாத."

"நீ?"

"அத வடிச்சிட்டு வரேன்."

"தனியா இருக்கக்கூடாதுன்னுதானே என்னைக் கூப்பிட்ட?"

"கால் மணி நேரம், ரூபன். விட்டா போச்சு. அந்த மாதிரி இன்னொரு கல்லு கெடையாது. அது கெடச்ச மண்கரை முழுசுக்கும் சிமெண்ட் பூசிட்டாங்க."

கதவு வரை தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரில எங்க பட்டுச்சுன்னு கேப்பாங்க. ஃபேக்டரின்னு சொல்றியா?"

"ஃபேக்டரில கேட்டா எனக்கு வேல போயிரும்."

"இங்கன்னு சொன்னா நாளைக்கே இந்த ரூமுக்கு சீல் வெப்பாங்க."

என் கவனமெல்லாம் மணிக்கட்டில் இருந்தது. ஏதோ துடித்த மாதிரி இருந்தது. நாடியா, வலியின் தொடக்கமா என்று பிரிக்க முடியவில்லை.

"சரி, என்னமோ சொல்லிக்க. மொதல்ல போ," என்று டியூபை என் சட்டைப் பையில் செருகினாள்.

அப்போதுதான் அலமாரி நினைவுக்கு வந்தது. அவள் எடுத்தபோது பார்த்தேன், அந்தத் தட்டில் இருந்தது இந்த ஒரு டியூப்தான். இனி உள்ளே அமிலம் இருக்கிறது, நடுங்கும் கையோடு அவள் இருக்கிறாள், மருந்து என் பையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பாதியையாவது ஒரு தாளில் பிதுக்கிக் கொடுக்கலாம். வலது கை பை வரை போனது. டியூபைப் பிடித்தது. வெளியே எடுக்கவில்லை.

சாரு என் கையைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். அங்கியின் கைப்பகுதியால் முதலில் என் பெயரைத் துடைத்தாள். ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் பெயரையும் துடைத்தாள். உள்ளே இருப்பவர்கள் என்ற தலைப்பு மட்டும் மிஞ்சியது.

கைப்பேசி அதிர்ந்தது. வண்டி வந்துவிட்டது.

"சாரு," என்றேன்.

அவள் அதற்குள் உள்ளே திரும்பியிருந்தாள். கதவு மூடியது. உள்ளிருந்து சாவி இரண்டு முறை திரும்பியது.