களைச்செம்மலுக்கு ஒரு மாலை

கடலூர், சிதம்பரம் வட்டாரப் பெருமக்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்: 'களைகள் சொல்லும் வாழ்க்கைப் பாடம்' நூலாசிரியரும், நெல்லிக்குப்பம் முதல் ஸ்ரீமுஷ்ணம் வரை மேடை கண்டவருமான களைச்செம்மல் தேவநாதன், சிதம்பரத்துத் தம் இல்லத்தில் இன்று காலை ஏழு மணிக்கு, இரண்டாவது தோசை வருவதற்குள், உலகத்துக்குப் பாடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பதினோரு மணிக்குக் கடலூரிலிருந்து களைச் சிந்தனைப் பேரவை வேனில் வந்து இறங்கியது. தலைவர் கொளஞ்சியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேவநாதனின் மனைவி விருத்தாம்பாளிடம் வந்தார்.

"அண்ணி, ரோஜா மாலையெல்லாம் கூடாதாம். அவரு தோட்டத்துக் களையிலதான் மாலை கட்டிப் போடணுமாம். அண்ணனோட கடைசி ஆசை."

"போய்ப் பறிச்சிக்கிங்க."

பதினைந்து வருடம் களையைப் பற்றியே கேட்ட கூட்டம் தோட்டத்துக்குள் போய்த் திருதிருவென்று விழித்தது. ஒருவர் ஒரு கைப்பிடி கொண்டுவந்து நீட்டினார்.

"இது கொத்தமல்லி" என்றாள் விருத்தாம்பாள்.

"நீங்களே பறிச்சிக் குடுத்துடுங்க அண்ணி. உங்களுக்குப் பழகின வேலை."

பழகாமல் என்ன. தேவநாதன் ஒரு புல்லுக்கும் குனிந்தவரில்லை. நெருஞ்சி குத்தியது இவள் காலில். பொறுமை என்ற பாடம் கிடைத்தது அவருக்கு. அதைக்கூட மறந்துவிடலாம். மூன்று வருடத்துக்கு முன் கடலூரில் ஒரு கூட்டம். மகள் கனிமொழியின் மாமியார் முதல் வரிசையில். "இன்னிக்கு ஒரு நாளு பேச்சில என்னை இழுக்காதீங்க" என்று விருத்தாம்பாள் கேட்டிருந்தாள். தலையாட்டிய மனிதர் மைக்கைப் பிடித்ததும் சொன்னார்: "அருகம்புல் அடங்கிப் போகக் கற்றுத்தருகிறது. என் வீட்டம்மாவைத்தான் அதனிடம் டியூஷன் அனுப்ப வேண்டும்." சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

உனக்கு இருக்கு ஒரு நாள் என்று விருத்தாம்பாள் அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

இரண்டு கையிலும் கேரி பேக்கை மாட்டிக்கொண்டு பின்வேலிக்குப் போனாள். கனிமொழி பின்னாலேயே வந்தாள்.

"ம்மா, அது செந்தட்டி. பட்டா எரியும், அரிக்கும்."

"தெரியும்டி."

"அப்பாவுக்கா?"

"ஆசைப்பட்டாருல்ல."

கனிமொழி போய் வாழைநார் எடுத்துவந்தாள்.

மேலே தும்பையும் அருகும், உள்ளே செந்தட்டி. கொளஞ்சியப்பன் மாலையை நெஞ்சோடு அணைத்து, நெற்றியில் ஒற்றி, தேவநாதனுக்குச் சூட்டினார். சம்பந்தியம்மாள் ஓடிவந்து மாலைமேல் கன்னத்தை வைத்துக் கதறினாள்.

"களை என்பது வேண்டாத செடி அல்ல, அது நம்மைத் தீண்டுகின்ற..." என்று தொடங்கிய இரங்கல் உரை அங்கேயே நின்றது. கொளஞ்சியப்பன் சட்டைக்குள் கையை விட்டார். சம்பந்தியம்மாள் கன்னத்தைப் பிறாண்டிக்கொண்டு குழாயடிக்கு ஓட, பேரவை பின்னாலேயே ஓடியது.

வீடு காலியானது. விருத்தாம்பாள் அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சருகே வந்து, மாலையை இழுத்துக் கழுத்தோடு ஒட்ட வைத்தாள். முகவாய்க்கும் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். நாற்காலியை அருகே போட்டுக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தேவநாதனுக்கு மட்டும் அரிக்கவில்லை.